ஏடிஏஜிஎஸ் பீரங்கி: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏடிஏஜிஎஸ் (இந்தியாவிலேயே வடிவமைத்த, லாரியால் இழுத்துப் போகும் பீரங்கி) என்றதும் பலர் 'புது போஃபர்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். 1986-ல் ஸ்வீடனிடம் 410 போஃபர்ஸ் பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் போட்டோம். அதோடு வந்த தொழில்நுட்ப ஆவணங்களை அடிப்படையாக வைத்து ஜபல்பூரில் உருவானது தனுஷ் பீரங்கி. ஏடிஏஜிஎஸ் வேறு. மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் புனே ஆய்வகம், பாரத் ஃபோர்ஜ், டாடா மூவரும் சேர்ந்து புதிதாக வடிவமைத்தது. அதை இன்னொன்றின் நகல் என்று சொன்னால் பல வருட உழைப்பு ஒரே வரியில் காணாமல் போகிறது.

அடுத்து, ஏடிஏஜிஎஸ்ஸின் அளவாகச் சொல்லும் '155 மி.மீ., 52 கேலிபர்'. 52 என்பதைக் குண்டின் அளவாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். குழலின் உள்விட்டம் 155 மி.மீ.; நீளம் அதைப்போல 52 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், 8,060 மி.மீ. இரண்டு சின்ன கார்களை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் வருகிற நீளம். தனுஷின் குழல் 45 கேலிபர், அதாவது ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

சரி, தூரம். '48 கி.மீ. சுடும்' என்று மொட்டையாக எழுதக் கூடாது. எந்தக் குண்டு என்று சொல்ல வேண்டும். 2017-ல் பொக்ரானில் 48 கி.மீ. தாண்டியது பேஸ் ப்ளீட் வகைக் குண்டு. குண்டு பறக்கும்போது அதன் அடிப்பகுதிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, அதுவே குண்டைப் பின்னுக்கு இழுக்கும். பேஸ் ப்ளீட் குண்டின் அடியில் ஒரு சின்ன மருந்து எரிந்துகொண்டே வரும். அந்த வாயு வெற்றிடத்தை நிரப்புவதால் இழுப்பு குறைகிறது. ராக்கெட் மாதிரி உந்துவதில்லை. சாதாரண குண்டு இவ்வளவு தூரம் போகாது. குண்டைத் தள்ளும் வெடிமருந்தை வைக்கும் அறையும் இங்கே கணக்கில் வரும், அறை பெரிதானால் அதிக மருந்து வைக்கலாம்: 52 கேலிபர் பீரங்கிகளுக்கு வழக்கமான கொள்ளளவு 23 லிட்டர், இதில் 25 லிட்டர்.

எடையை மறைப்பதும் தவறுதான். ஏடிஏஜிஎஸ் சுமார் 18 டன். அமெரிக்காவிடம் நாம் வாங்கிய எம்777 பீரங்கி நாலே கால் டன்னுக்குள் அடங்கும், ஹெலிகாப்டரில் தொங்கவிட்டே மலைக்கு ஏற்றலாம். ஆனால் அதன் குழல் 39 கேலிபர்தான். இரண்டும் வேறு வேலைக்கு. அதேபோல 2020 செப்டம்பரில் பொக்ரான் சோதனையில் குழல் வெடித்துச் சிலர் காயப்பட்டதையும் விட்டுவிடாதீர்கள். விசாரணைக்குப் பிறகு மறுபடி சோதித்து மேலே வந்த பீரங்கி இது.

ஏற்றுமதிச் செய்தியில்தான் அவசரம் அதிகம். 2022 நவம்பரில் பாரத் ஃபோர்ஜ் குழுமம் 15.55 கோடி டாலர் ஆர்டரை அறிவித்தபோது, 155 மி.மீ. பீரங்கி என்று மட்டும்தான் சொன்னது. நாட்டின் பெயரும் இல்லை, மாடலின் பெயரும் இல்லை. அதே நிறுவனம் லாரியில் ஏற்றிய 155 மி.மீ. பீரங்கியும் செய்கிறது. அதனால் அந்தத் தொகை முழுவதையும் ஏடிஏஜிஎஸ் கணக்கில் எழுதாதீர்கள்.

நம் ராணுவத்தின் ஒப்பந்தம் 2025 மார்ச்சில்தான் கையெழுத்தானது. 307 பீரங்கிகள், சுமார் 6,900 கோடி ரூபாய். பாரத் ஃபோர்ஜுக்கு 184, டாடாவுக்கு 123. உடனே 6,900-ஐ 307-ஆல் வகுத்து 'ஒரு பீரங்கி இவ்வளவு' என்று போட்டுவிடாதீர்கள். அந்தத் தொகைக்குள் பீரங்கியை இழுத்துப் போகும் லாரிகளும் இருக்கின்றன.