கல்லுக்குள் கல்: அப்டேட் செய்த மறுநாள் என்ன செய்வது

ஆத்தங்குடிக் கல் விற்கும் ஆச்சி ஒருவரின் வெப்சைட்டை காரைக்குடியில் இருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் காலையில் அவரிடமிருந்து ஃபோன். "தம்பி, கல்லெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் உக்காந்திருக்கு. நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?" முந்தின நாள் இரவு நான் செய்தது ஒரே வேலை, என்பிஎம் (npm) அப்டேட். சைட்டில் நான் பயன்படுத்தும், பிறர் எழுதிய லைப்ரரிகளைப் புது வெர்ஷனுக்கு மாற்றும் கட்டளை அது.

இப்படி ஆனால் உடனே கோடில் கை வைக்காதீர்கள். முதலில் கடையைத் திறந்து வையுங்கள். கோடின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட்டில் (Git) இருக்கும் பழைய பேக்கேஜ் ஃபைலையும் (எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்ற பட்டியல்) லாக் ஃபைலையும் (எந்த வெர்ஷன் இறங்கியது என்ற பதிவு) மீட்டெடுத்து 'என்பிஎம் சிஐ' ஓட்டுங்கள். லாக்கில் உள்ள வெர்ஷனையே அது அப்படியே இறக்கும்.

அப்புறம் உங்கள் கணினியில், எந்த வெர்ஷனில் கெட்டது என்று தேடுங்கள். எனக்கு ஜேக்வெரி (jQuery) என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி 3.4.1-லிருந்து 3.7.1-க்குத் தாவியிருந்தது. நடுவில் 3.6.0 போட்டுப் பார்த்தேன், கெட்டிருந்தது. 3.5.0-விலும் அப்படியே. சரி, இனி 3.5.0-வின் மாற்றக் குறிப்பை மட்டும் படித்தால் போதும்.

அது 2020 ஏப்ரலில் வந்தது. அதுவரை, டிவ் டேகை (பக்கத்தில் ஒரு பெட்டியை உருவாக்கும் எச்டிஎம்எல் குறி) மூடாமல் கடைசியில் ஒரு சாய்கோடு மட்டும் போட்டாலும் ஜேக்வெரியே மூடிக்கொடுத்தது. அந்த வசதி வழியாக வேண்டாத ஸ்கிரிப்ட் நுழைய முடிந்ததால் எடுத்துவிட்டார்கள். பிரவுசருக்கு அந்தச் சாய்கோடு ஒரு பொருட்டே இல்லை. டிவ் திறந்தே கிடக்கும், அடுத்த கல் அதற்குள் போய் விழும். ஆச்சி சொன்னதைவிடத் துல்லியமான பக் ரிப்போர்ட் எனக்கு இதுவரை வந்ததில்லை.

3.4.1-லேயே இருந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், அந்த ஓட்டையும் கூடவே இருக்கும். ஏழு இடங்களில் சோம்பேறித்தனமாக எழுதியிருந்தேன். ஏழையும் முறையாக மூடினேன். வேறு என்ன உடையலாம் என்று தெரியாவிட்டால், வெர்ஷன் மாற உதவும் துணை லைப்ரரியான ஜேக்வெரி மைக்ரேட்டின் டெவலப்மென்ட் பதிப்பைச் சேர்த்து, பிரவுசரின் கன்சோலை (பிழைச் செய்திகள் வரும் இடம்) பாருங்கள். பல பழைய பழக்கங்களை அது எச்சரித்துவிடும்.

இன்னொன்று, பேக்கேஜ் ஃபைலில் வெர்ஷனுக்கு முன்னால் இருக்கும் அந்தத் தொப்பிக் குறி (^). 3.4.1-க்கு முன் அது இருந்தால், 4-க்குக் கீழே எது வந்தாலும் ஏற்றுக்கொள் என்று அர்த்தம். நடு எண் மாறினால் எதுவும் உடையாது என்பது நம்பிக்கைதான். நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். இப்போது ஒரு நாளைக்கு ஒரு லைப்ரரி, அதுவும் பகலில்.

மதியம் ஆச்சிக்கு லிங்க் அனுப்பினேன். "கல்லு சரியாயிருச்சு, அந்தப் பச்சைதான் மங்கலாத் தெரியுது" என்றார். அது ஃபோட்டோ எடுத்தவன் தப்பு. எடுத்தவனும் நான்தான்.