மாசிப் பட்டக் காய்கறி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெருக்கி நடுவது, ஆழமாக விதைப்பது போன்ற தவறுகள் ஒரு போகத்திலேயே தானாகத் திருந்திவிடும். அவற்றை இங்கே பேசவில்லை. கிணற்றை நம்பி ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் காய்கறி போடும் குடும்பங்கள் வருஷா வருஷம் சித்திரையில் மாட்டிக்கொள்ளும் விஷயங்கள் மட்டும்.

தைத் தண்ணீரைப் பார்த்து நிலத்தை உழுவது

இதுதான் பணத்தைத் தின்னும் தவறு. சொல்லிச் சொல்லி வாய் வலித்தாலும் மாறுவதில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு கிணறு மேல்வரை நிற்கும். எட்டிப் பார்த்துவிட்டு, இருக்கிற நிலம் முழுக்க உழுது பார் (செடி நட மண்ணைக் கூட்டிய மேட்டு வரிசை) போடுகிறார்கள். தண்ணீர் அதிகம் கேட்பது இப்போதல்ல, செடி காய்ப்பில் நிற்கிற பங்குனி, சித்திரையில். அப்போது கிணற்றில் நிற்கிற தண்ணீர் தீர்ந்து, ஊற்று மட்டும்தான் மிச்சம்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கோடை வெயிலில் முழுதாக வளர்ந்த காய்கறிக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக, சென்டுக்கு நாளொன்றுக்கு 200 முதல் 240 லிட்டர். சொட்டுநீர் என்றால் இதற்கு மேல் பத்து சதவீதம் கூட்டினால் போதும். வாய்க்காலில் பாய்ச்சினால் ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும்.

அடுத்து ஊற்றை அளக்க வேண்டும். சாயங்காலம் ஃபுட் வால்வு (மோட்டார் உறிஞ்சு குழாயின் அடிமுனை) தெரிகிற வரை இறைத்துவிட்டு, கயிற்றில் கல் கட்டி ஆழம் பாருங்கள். 12 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி ஏறினால் சுமார் 8,900 லிட்டர். ராத்திரியில் 2 அடி ஏறியிருந்தால், காலை மாலை இரண்டு வேளையும் இறைத்து நாளுக்கு 35,000 லிட்டர் சொச்சம் எடுக்கலாம். ஆனால் இது மாசிக் கணக்கு. போன மே மாதம் மோட்டார் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடியது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லையென்றால், பாதியை மட்டும் நம்புங்கள். மாட்டுக்கும் வீட்டுக்கும் போக மிஞ்சுகிற தண்ணீரில், சொட்டுநீர் போட்டிருந்தாலும் 60 சென்ட்தான் தாங்கும். அந்தக் கிணற்றை வைத்துக்கொண்டு ஒன்றரை ஏக்கர் நடுகிறார்கள்!

பிறகு நடப்பதும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். தண்ணீர் குறைந்ததும் எல்லாப் பாத்திக்கும் பாதிப் பாதி பங்கு வைப்பார்கள். கத்தரி பூவை உதிர்க்கும், வெள்ளரி கசக்கும், தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கும். கறுப்பைப் பார்த்ததும் கால்சியம் மருந்து வாங்க ஓடுவார்கள். மண்ணில் கால்சியம் இருந்தாலும், அதைக் காய்க்குக் கொண்டுபோகத் தண்ணீர் சீராக வர வேண்டும். கடைசியில் கடன் வாங்கி போர்வெல் போடுவார்கள். அப்படியொரு நிலைமை வந்துவிட்டால், விலை குறைந்த ஒரு பயிரை முழுசாகக் கைவிட்டு, மற்றதற்கு முழுத் தண்ணீர் கொடுங்கள். மனசு வராதுதான். பங்கு வைத்தால் எதுவும் மிஞ்சாது. கோடை மழையைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வந்தால் லாபம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைப்பது

10 சென்ட் வெண்டையை ஒரே நாளில் ஊன்றினால், 45 நாளில் மொத்தமும் காய்க்கு வந்து நிற்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் முற்றி நாராகிவிடும். பறிக்க வீட்டு ஆட்கள் பத்தாது, சந்தையிலும் விலை இறங்கும். 5 சென்ட் இப்போது, 15 நாள் கழித்து மீதி 5 சென்ட். இளஞ்செடிக்குத் தண்ணீர் குறைவு என்பதால் கிணறும் கொஞ்சம் மூச்சு விடும். கீரை என்றால் வாரத்துக்கு ஒரு பாத்தி.

மாசிக் கடைசியில் தக்காளி

நட்ட ஒரு மாதத்தில் பூக்கும். அது சித்திரை. பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கினால் மகரந்தம் கெட்டு, பூ கொட்டிவிடும். உரத்தைக் கூட்டினால் இலைதான் வரும். தக்காளியைத் தையிலேயே நட்டுவிடுங்கள். மாசிக்கு வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, தட்டைப்பயறு போதும்.

சமவெளியில் மாசிக் காலிஃப்ளவர்

வேண்டாம்.

வயசான நாற்று

குழித்தட்டில் (குழி குழியான நாற்றுத் தட்டு) நாற்று இருக்க வேண்டியது தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 நாள். பார் தயாராகவில்லை என்று இரண்டு வாரம் தட்டிலேயே வைத்திருந்தால் வேர் சுருண்டு இறுகிவிடும். நட்ட பிறகு எத்தனை தண்ணீர் விட்டாலும் அந்தச் செடி நிமிராது. நடவு நாளைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி நாற்றுக்குச் சொல்லுங்கள். நிழல்வலையிலிருந்து எடுத்து நாலைந்து நாள் வெயில் காட்டி, சாயங்காலம் நடுங்கள்.

வெண்டை மஞ்சளானதும் விதைக்காரரைத் திட்டுவது

மஞ்சள் நரம்பு நோய் விதையில் வருவதில்லை. வெள்ளை ஈ கொண்டுவருகிறது, கோடையில் அது பெருகும். முதல் மாதத்தில் நரம்பு மஞ்சளான செடி காய்க்காது. பார்த்த அன்றே பிடுங்கி எடுத்துவிடுங்கள். ஓரத்துக் களையில்தான் ஈ தங்கும், அதையும் சேர்த்து.

மக்காத சாணம்

கரையான், வேர்ப்புழு இரண்டும் சேர்ந்தே வரும். போன வருஷத்து மக்கிய குப்பை இல்லையென்றால் இந்தப் பட்டத்துக்கு மண்புழு உரத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.