"பம்பிங் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது

ஹார்ட் அட்டாக் வந்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகும் எவரும் சென்னையில் இரண்டு கேள்வி கேட்காமல் வருவதில்லை. எத்தனை ஸ்டென்ட்? பம்பிங் எவ்வளவு? என் பெரியப்பா "நாற்பது" என்றதும், பல்லாவரத்திலிருந்து வந்திருந்த அத்தை அழுதேவிட்டார். நூற்றுக்கு நாற்பது என்று எடுத்துக்கொண்டார், பாவம்.

எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இஎஃப் என்று போடும் அந்த எண் பரீட்சை மார்க் இல்லை. இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதுதான் கணக்கு. நல்ல இதயமே முழுவதையும் தள்ளாது. சுமார் 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. 40 குறைவுதான், ஆனால் பாதி இதயம் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

அட்டாக் வந்த வாரத்தில் எடுத்த எண்ணையே கடைசித் தீர்ப்பாக நினைப்பது அடுத்த தவறு. அடைப்பை நீக்கி ரத்தம் ஓட ஆரம்பித்த பிறகும், உயிரோடு இருக்கும் சில தசைகள் சில நாள், சில வாரம் மரத்துப்போய்க் கிடக்கும். அவை விழித்துக்கொண்டால் எண் ஏறும். அதனால்தான் 6 முதல் 12 வாரம் கழித்து மறுபடி எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். பம்பிங் 35க்கு மேல் ஏறாதவருக்கு, துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவி வைப்பதா என்ற முடிவைக்கூட, பொதுவாக அட்டாக் வந்து 40 நாள், ஸ்டென்ட் வைத்திருந்தால் 90 நாள் பொறுத்துத்தான் எடுக்கிறார்கள்.

"நல்லாத்தானே இருக்கேன்" என்று அந்த இரண்டாவது எக்கோவுக்குப் போகாமல் விடுகிறார்களே, எனக்குக் கோபம் வருவது அங்கேதான். இதயத்தின் முன்சுவரில் பெரிய அட்டாக் வந்தவருக்கு அதன் நுனியில் ரத்தம் உறைந்து நிற்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. அது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். பெரும்பாலும் அதைக் கண்டுபிடிப்பதும், மருந்தில் கரைந்ததா என்று பார்ப்பதும் எக்கோவில்தான்.

ஓர் இடத்தில் 45, இன்னோர் இடத்தில் 40 என்று வந்தால் பதற வேண்டாம். படத்தில் அறையின் ஓரத்தை வரைந்தோ கண்ணால் மதிப்பிட்டோ சொல்லும் எண் அது; ஐந்து புள்ளி முன்பின் ஆவது சகஜம். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

எக்கோ நார்மல் என்றால் அடைப்பே இல்லை என்றும் ஆகாது. அது சுவரின் அசைவையும் வால்வையும் காட்டும். ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்க ஆஞ்சியோகிராம்தான். அப்புறம், மார்பின் மேல் வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவுக்கு வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினியோடு வரிசையில் உட்கார்ந்து மயங்கியவர்கள் உண்டு. உணவுக்குழாய் வழியாக எடுப்பதென்றால் சாப்பிடக் கூடாது.

பெரியப்பாவுக்கு இரண்டாவது முறை 50 வந்தது. "மாத்திரையை நிறுத்திடலாமா?" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "அந்த மாத்திரையும் சேர்ந்துதான் சார் இந்த ஐம்பது" என்றார்.

கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ, எக்கோ தேதி அடுத்த மாதம்தானே என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். மறுபடி நெஞ்சுவலி என்றால் நேராக 108.