கிலோவுக்குத் தலை வந்த கதை

பாளையங்கோட்டையில் சித்தப்பாவின் அல்வா கடைக்கு வலைத்தளம் செய்து கொடுத்தேன். என் விண்டோஸ் லேப்டாப்பில், குரோமில், அம்சமாக இருந்தது. சித்தப்பா ஐபோனில் திறந்து பார்த்துவிட்டு, "ஏலே, கிலோவுக்குத் தலையைக் காணோம்!" என்றார். விலைப் பட்டனில் 'கி'யின் மேல்பகுதி வெட்டுப்பட்டிருந்தது.

முதலில் ஐபோனின் பிரவுசரான சஃபாரியைத் திட்டினேன். தப்பு என்னுடையது. எழுத்துரு என்ற இடத்தில் குறிப்பிட்ட பெயர் எதுவும் சொல்லாமல், வெறும் சான்ஸ்-செரிஃப் என்ற பொதுவகையைப் போட்டிருந்தேன். விண்டோஸ் தன்னிடம் இருந்த நிர்மலா யுஐ என்ற எழுத்துருவை எடுத்தது. ஐபோனில் அது கிடையாது, தன்னிடம் இருந்த வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் உயரக் கணக்கு வேறு. போதாக்குறைக்குப் பட்டனுக்கு 24 பிக்சல் ஹைட், அதோடு ஓவர்ஃப்ளோ ஹிடன், அதாவது வெளியே வழிவதை மறைத்துவிடு என்ற கட்டளை! அப்புறம் வெட்டாமல் என்ன செய்யும்?

நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவைத் தளத்திலேயே ஏற்றினேன். ஹைட்டை எடுத்துவிட்டு பேடிங் (எழுத்தைச் சுற்றி உள் இடைவெளி) கொடுத்தேன், லைன்-ஹைட் (வரி உயரம்) 1.6. தலை வந்துவிட்டது. கூலி அரைக் கிலோ அல்வா.