ஏரியில் இறங்கும் முன் அது யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஊருக்காக உழைக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. இளைஞர் மன்றம், மகளிர் சுயஉதவிக் குழு, குடியிருப்போர் நலச்சங்கம் என்று எந்தப் பகுதியிலும் நாலு பேர் முன்னால் நிற்கிறார்கள். ஆனாலும் பல வேலைகள் பாதியில் நின்றுவிடுகின்றன. நகராட்சியையும் ஊராட்சியையும் எப்போது, எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதில் நடக்கும் தவறுகள்தான் பெரும்பாலும் காரணம்.

அடிக்கடி நடப்பது, யார் பொறுப்பு என்று விசாரிக்காமலே தொடங்குவது. ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். இதைக் கேட்காமல் நன்கொடை திரட்டி, ஜே.சி.பி. பிடித்து, ஞாயிற்றுக்கிழமை தூர்வாரத் தொடங்கினால் திங்கட்கிழமையே யாராவது வந்து நிறுத்துவார்கள். யாரும் நிறுத்தாவிட்டாலும் சிக்கல்தான். வண்டல் மண்ணை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லாததால் கரையோரமே குவித்துவைப்பார்கள். ஐப்பசி மழையில் அது மறுபடி ஏரிக்குள் இறங்கிவிடும். முதலில் வி.ஏ.ஓ.விடம் சர்வே எண்ணைக் கேட்டுக்கொண்டு, உரிய அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். எல்லையை சர்வேயர் அளந்து காட்டட்டும். ஆக்கிரமிப்பு இருந்தால் அதை அகற்றுவது அரசு அதிகாரிகளின் வேலை. சங்கம் நேரடியாக இறங்கினால் ஊர் இரண்டுபடும்.

தெருவிலும் இதே கதைதான். கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரியும் தெருவிளக்கு உள்ளாட்சியுடையது. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் தண்ணீர் தேங்கினால் கவுன்சிலரைத் திட்டிப் பயனில்லை. நெடுஞ்சாலை ஆணையத்துக்கு எழுதி, நகல் ஒன்றை ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்த தவறு நம் மாவட்டங்களுக்கே உரியது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நன்கொடையாளர் ஒருவர் கிடைத்ததும் போர்வெல் போட்டு, தொட்டி வைத்து, பெயர்ப் பலகையும் மாட்டிவிடுகிறோம். தண்ணீரைப் பரிசோதித்தோமா? இங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டுவலி, எலும்புப் பாதிப்பு என்று பல கிராமங்கள் அனுபவித்துவிட்டன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். 2013-ல் அது செயல்பாட்டுக்கு வந்தது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது தரக்கட்டுப்பாடு. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. எனவே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்த பிறகே குடிக்கத் திறந்துவிடுங்கள். அளவு கூடுதலாக இருந்தால் அதைப் புழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஒகேனக்கல் தண்ணீர் உங்கள் தெருவுக்கு ஏன் ஒழுங்காக வரவில்லை என்று கேளுங்கள். சங்கம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மனு எழுதுவதிலும் கவனம் வேண்டும். "எங்கள் பகுதியில் சாக்கடை சரியில்லை, ஆவன செய்யவும்" என்று எழுதினால் ஆணையரிடமிருந்து பொறியாளர், பொறியாளரிடமிருந்து மேற்பார்வையாளர் என்று சுற்றிவிட்டு அப்படியே கிடக்கும். வார்டு எண், தெருப் பெயர், எந்தக் கம்பத்திலிருந்து எந்த வீடு வரை, எத்தனை அடி நீளம், எப்போதிலிருந்து அடைப்பு என்று எழுதி போட்டோவும் இணைத்தால் பொறியாளர் மதிப்பீடு போட வசதியாக இருக்கும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

கவுன்சிலர் தெரிந்தவர், வாயால் சொன்னாலே செய்துகொடுப்பார் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அடுத்த தேர்தலில் ஆள் மாறினால் பேச்சும் போய்விடும். கோரிக்கை தீர்மானமாகப் பதிவாக வேண்டும். கிராமத்தில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாட்கள் கூடுகிறது. நகரத்தில் வார்டு கமிட்டியும் பகுதி சபாவும் இருக்கின்றன. அந்த நாட்களில் கூட்டம் சேராவிட்டால் நாலு பேர் கையெழுத்தோடு வேறு தெருவின் வேலை முதலில் போய்விடும். பெண்கள் கட்டாயம் வர வேண்டும். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பணம் திரட்டிவிட்டால் அதை நேரே செலவழிக்கும் அவசரமும் வேண்டாம். நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தருகிறது. பூங்கா, பள்ளிக் கட்டடம் போன்ற வேலைகளுக்குக் கையில் இருக்கும் நன்கொடையைப் பங்களிப்பாகக் காட்டினால் மூன்று மடங்கு வேலை நடக்கும்.

அப்புறம் பராமரிப்பு. மரக்கன்று நடும் நாளில் இருக்கும் கூட்டம் சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்ற இருப்பதில்லை. கோடையில் தண்ணீர் லாரியை நகராட்சி அனுப்புமா, கூண்டு உடைந்தால் யார் மாற்றுவது என்பதை நடுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தூய்மைப் பணியாளர்களையும் திட்டமிடும்போதே கூப்பிட்டு உட்கார வையுங்கள். குப்பை எந்த முனையில் சேருகிறது, யார் எந்த நேரத்தில் கொட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துத் தரும் பொறுப்பைச் சங்கம் ஏற்றுக்கொண்டால், வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நகராட்சியிடம் உரிமையோடு கேட்கலாம்.