மின்காந்தம் ஒட்டவில்லையா? கம்பியின் நுனியைப் பாருங்கள்

ஆணியில் கம்பியைச் சுற்றி பாட்டரியில் இணைத்தாயிற்று. ஒரு குண்டூசிகூட ஒட்டவில்லை. பாட்டரியைத் திட்டுவதற்கு முன் கம்பியின் இரு நுனிகளையும் பாருங்கள். மோட்டார் சுற்றும் செம்புக் கம்பியின் மேல் மெல்லிய எனாமல் பூச்சு இருக்கும். மின்சாரம் அதைத் தாண்டாது. உப்புத்தாளால் இரண்டு சென்டிமீட்டர் தேய்த்து, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகு இணையுங்கள். நடுவில் உள்ள பூச்சைத் தொடாதீர்கள். சுற்றுகள் ஒன்றோடொன்று சேராமல் காப்பது அதுதான்.

எல்லாச் சுற்றும் ஒரே திசையில் போகட்டும். இரண்டாம் அடுக்கில்தான் பலரும் திசை மாறுகிறார்கள். ஒன்றின் விளைவை மற்றது அழித்துவிடும்.

1.5 வோல்ட் பாட்டரி ஒன்று போதும். ஐந்து நொடிக்கு மேல் இணைத்து வைத்தால் கம்பி விரலைச் சுடும். வீட்டு மின்சாரத்தின் பக்கமே போக வேண்டாம்.

வட முனை எது? மின்னோட்டம் சுற்றும் திசையில் வலக்கை விரல்களை மடக்குங்கள், பெருவிரல் காட்டுவதுதான். காந்த ஊசியை அருகே வைத்துச் சரிபார்க்கலாம். 1820இல் டென்மார்க் விஞ்ஞானி ஆர்ஸ்டெட் மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே கண்டதும் அந்த ஊசியின் அசைவைத்தான்.

இணைப்பை எடுத்த பின்னும் குண்டூசி தொங்குகிறதா? ஆணியில் கொஞ்சம் காந்தம் தங்கியிருக்கிறது. தரையில் நாலு தட்டு தட்டுங்கள், குறையும்.