குடிநோய் மீட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முதலில் குடியை நிறுத்தட்டும், ஆள் தெளிந்த பிறகு கூட்டத்துக்குப் போகலாம்." கடலூர்ப் பக்கத்து வீடுகளில் நான் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். இப்படித் தள்ளிப்போட்டே வருடங்கள் ஓடிவிடுகின்றன. நான் சொல்வது, குடியை விடக் குடிநோயாளிகளே ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., கூட்டத்தை. அது 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்து மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது. அதில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நேற்று குடித்தவரும் போகலாம். கட்டணம் இல்லை. செலவுக்காகச் சுற்றிவரும் தட்டில் புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை.

ஆனால், நாள்தோறும் காலையிலேயே குடிக்கத் தொடங்கிவிடும் நிலையில் இருப்பவர் கூட்டத்தை மட்டும் நம்பி ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. உயிர் போகக்கூடிய தவறு இது. கார்த்திகையில் மாலை போடும்போதும், கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டும்போதும் நம் ஊரில் இதுதான் நடக்கிறது. நீண்ட காலம் நிறையக் குடித்த உடம்பில், கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரை, நிலைமை முற்றினால், ஆள் இடம் தெரியாமல் பிதற்றுவார்; சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டுவார்; இல்லாத ஆளோடு பேசுவார். வீட்டில் "காற்று கருப்பு பட்டுவிட்டது" என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். அந்த நேரத்தில் அவர் இருக்க வேண்டிய இடம் மருத்துவமனை. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். மருந்தோடு பாதுகாப்பாக நிறுத்திய பிறகு, மறுபடி குடிக்காமல் இருக்கக் கூட்டம் உதவும். கூட்டத்தில் மருத்துவர் கிடையாது, மாத்திரையும் கிடையாது.

குடித்தால் குமட்டலும் படபடப்பும் வரவைக்கும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பிலோ காபியிலோ கலந்துவிடுவதும் ஆபத்து. அது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இதயமே பாதிக்கப்படலாம். அவருடைய சம்மதமும் மருத்துவரின் கண்காணிப்பும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

அடுத்தது தேடும் வேலை. இணையத்தில் கிடைத்த பழைய முகவரியை நம்பிக் கிளம்பிப்போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி போக மாட்டார். நாள், நேரம், இடம் எல்லாம் மாறும். போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பேச்சு தமிழிலா, வெளியாள் உட்காரலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள். குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டம் வேறு. குடிநோயாளிகள் மட்டும் உட்காரும் மூடிய கூட்டம் வேறு. வழி தெரியாதவர்கள் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் 14416 இரண்டில் ஒன்றை அழைக்கலாம். காசு வாங்கிக்கொண்டு ஆளை அடைத்து வைக்கும் மறுவாழ்வு இல்லத்தை ஏ.ஏ. என்று நினைத்துவிடாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அத்தகைய இல்லங்களுக்குப் பதிவு தேவை. சேர்க்கும் முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று புதுச்சேரியில் நடக்கும் கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரெட்டிச்சாவடியைத் தாண்டியதும் சாலை எப்படி இருக்கிறது? முள்ளோடை, கன்னியக்கோயில் என்று எல்லையை ஒட்டியே மதுக்கடைகள். விலையும் நம் பக்கத்தைவிடக் குறைவு. கூட்டத்தில் மனம் கனத்து அழுதுவிட்டு, இரவில் தனியாக பைக்கில் அந்த வழியே திரும்புவது முதல் மாதங்களில் வேண்டாத சோதனை. உள்ளூரிலேயே கூட்டம் இருந்தால் அங்கே போங்கள். அங்கே தெரிந்தவரைப் பார்த்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். புதுச்சேரிதான் என்றால் பஸ்ஸில், துணையோடு போய் வாருங்கள். அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை மட்டும் டீக்கடையில் அவிழ்க்காதீர்கள்.

ஒரே கூட்டத்தோடு "நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டுவதும் அவசரம். பல ஊர்களில் தேவாலய வளாகத்திலோ பள்ளியிலோ கிடைத்த அறையில் கூடுகிறார்கள். இடத்தைப் பார்த்து மதம் மாற்றுகிறார்கள் என்று பயந்து திரும்பியவர்களும் உண்டு. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. ஆனால் எந்தக் கடவுள் என்பது அவரவர் விருப்பம். உள்ளே அறிவுரை சொல்ல மாட்டார்கள். ஒருவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். முதல் நாள் நீங்கள் வாய் திறக்காமலேயே இருக்கலாம். ஒரு குழு பிடிக்கவில்லையென்றால் இன்னொன்றுக்குப் போங்கள். நடுவில் சறுக்கிக் குடித்துவிட்டால், வெட்கப்பட்டு ஒதுங்காமல் அடுத்த கூட்டத்துக்கே போங்கள். அங்கிருப்பவர்களில் பலர் அப்படி விழுந்து எழுந்தவர்கள்தான்.

கணவரை வாசலில் இறக்கிவிட்டு, வெளியே வந்ததும் "உள்ளே என்ன பேசினீர்கள்?" என்று துருவும் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. அதைக் கேட்க வேண்டாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனான் இருக்கிறது. அவர் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் அதற்குப் போகலாம். போன் செய்யும்போது உங்களுக்கும் சேர்த்து விசாரித்துவிடுங்கள்.